வாசகர் கேள்வி, மருத்துவக் குழு பதில்: ஊசிப் பழக்கமும் ஹெபடைடிஸ் சி சோதனையும்

சேலம் மாநகரிலிருந்தும் ஏற்காடு, ஆத்தூர் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைப் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டோம்.

என் மகனுக்கு 23 வயது. கூட்டாளிகளோடு சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தான். நான்கு மாதமாக விட்டுவிட்டான். ஒரு முகாமில் விரலில் குத்திப் பார்த்து "எச்.சி.வி. ரியாக்டிவ்" என்று எழுதிக் கொடுத்தார்கள். கண் மஞ்சளாகவே இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவருகிறேன். இது போதுமா? நோய் இருப்பது உறுதிதானா?
(ஒரு தாய், அம்மாபேட்டை)

உறுதி இல்லை அம்மா. அதனால்தான் அடுத்த சோதனையை உடனே செய்ய வேண்டும் என்கிறோம்.

முகாமில் பார்த்தது எதிர்ப்புப் பொருள் சோதனை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் (எச்.சி.வி.) எப்போதாவது உடம்புக்குள் வந்திருந்தால் அதை எதிர்க்க உடம்பு உருவாக்கிய பொருள் ரத்தத்தில் இருக்கும், அது தென்பட்டதைத்தான் "ரியாக்டிவ்" என்று எழுதியிருக்கிறார்கள். வைரஸ் போன பிறகும் அது நிற்கும், அம்மை போன பிறகும் தழும்பு நிற்பதைப் போல. தொற்று வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகப் போய்விடுகிறது. மற்றவர்களுக்கு அது கல்லீரலில் தங்கிவிடும். உங்கள் மகன் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. அதைச் சொல்வது "எச்.சி.வி. ஆர்.என்.ஏ." என்ற இரண்டாவது ரத்தச் சோதனை. "வைரல் லோடு" என்றும் எழுதுவார்கள். அதில் வைரஸ் தென்பட்டால் நோய் இருக்கிறது, மருந்து வேண்டும். தென்படவில்லை என்றால் இப்போது நோய் இல்லை.

கண் மஞ்சளாகவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். சி வகையில் பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் காமாலையே வருவதில்லை. சோர்வு, பசிக்குறைவு என்று வந்தாலும் லேசாக வந்து போய்விடும். வைரஸ் தங்கிவிட்டவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகிறது. வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து வரும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்த அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்தும் சி இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

கீழாநெல்லிக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் உண்டு. தண்ணீரில் பரவும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் சரியாகிவிடும். அந்த நேரத்தில் கொடுத்த கீழாநெல்லிக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. சி வைரஸை அது போக்காது. அதை நம்பி இரண்டாவது சோதனையைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்கள் மகனுக்குத்தான்.

முகாம் சீட்டை எடுத்துக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் பழக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லத் தேவையில்லை. "ஹெபடைடிஸ் சி ரியாக்டிவ், ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொல்லி, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடக்கிறது. அதில் இந்தச் சோதனையும் மருந்தும் இலவசம்.

நான்கு மாதமாக விட்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய காரியம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பழைய கதையை எடுக்காமல், கூடவே இருங்கள்.

போன மாதம் ரத்தம் எடுக்கப் போனேன். கை நரம்பெல்லாம் சுருண்டு போய்விட்டதால் நாலு இடத்தில் குத்தினார்கள். வராததும் "உனக்கெல்லாம் எங்கேப்பா எடுக்கிறது" என்று எல்லார் முன்னாடியும் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன். நரம்பில் எடுக்காமல் பார்க்க வழி இருக்கிறதா?
(ஆண், 31, செவ்வாய்ப்பேட்டை)

அப்படிப் பேசியது தவறு. நீங்கள் திரும்பப் போகாமல் இருப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது என்பதற்காக இதை விரிவாகவே சொல்கிறோம்.

முதல் சோதனைக்கு நரம்பு வேண்டியதில்லை. மோதிர விரல் நுனியின் ஓரத்தில் ஒரு குத்து போதும். ஸ்பிரிட் தடவி, அது காய்ந்த பிறகு குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் துளி பரவிவிடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியைச் சின்னக் குழாயில் எடுத்து அட்டையின் குழியில் விடுவார்கள். பிறகு கிட்டில் சொன்ன எண்ணிக்கையில் பஃபர் என்ற திரவச் சொட்டுகள். பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். "சி" என்ற இடம் (இது ஹெபடைடிஸ் சி அல்ல, அட்டை சரியாக வேலை செய்ததா என்று காட்டும் கன்ட்ரோல்) கோடு காட்டாவிட்டால் அந்த அட்டை செல்லாது, புது அட்டையில் மறுபடி பார்க்க வேண்டும். "டி" என்ற டெஸ்ட் இடத்தில் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது ரியாக்டிவ்தான். ரத்தம் அதிகமாக விட்டால் அட்டை முழுக்கச் சிவந்து கோடே தெரியாது. மணிக்கணக்கில் கழித்து எடுத்துப் பார்த்தால் இல்லாத கோடும் தெரியும். பெரும்பாலான கிட்டுகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலில் வேனுக்குள் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்த அட்டையை நம்ப முடியாது. முகாம் நடத்துபவர்கள் ஐஸ் பெட்டியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

ஆர்.என்.ஏ. சோதனைக்கும் விரல் ரத்தத்திலேயே ஒரு மணி நேரத்தில் பார்க்கும் கார்ட்ரிட்ஜ் வந்திருக்கிறது. வடிதாளில் சொட்டவிட்டுக் காயவைத்து அனுப்பும் முறையும் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் அவை கிடைப்பதில்லை. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது நரம்பில் எடுக்கும் முறைதான் என்று வைத்துக்கொண்டு தயாராவது நல்லது.

இந்தச் சோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு, போவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள். உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு ஒட்டிப்போகும். லேபில் உட்காரும் முன் முழங்கை வரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் வைத்திருங்கள். அது முடியாவிட்டால் கையைத் தொங்கப்போட்டு விரலை மூடி மூடித் திறங்கள். எந்த நரம்பு இன்னும் வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தயங்காமல் "இங்கே வரும், இங்கே வராது" என்று காட்டுங்கள். புறங்கை நரம்புக்குப் பட்டாம்பூச்சி ஊசி ஏற்றது. குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். இரண்டு தடவை குத்தியும் வரவில்லை என்றால் வேறு ஒருவரைக் கூப்பிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கழுத்திலோ தொடையிடுக்கிலோ நீங்களே எடுத்துத் தருவதாகச் சொல்லாதீர்கள். அங்கே பெரிய தமனி பக்கத்திலேயே ஓடுகிறது.

ஒரே குத்தில் எல்லாவற்றுக்கும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஊதா மூடி டியூபில் ஆர்.என்.ஏ.வும் ரத்த அணு எண்ணிக்கையும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளும் ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. சோதனைகளும். நீல மூடியில் ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐ.என்.ஆர். நீல டியூபைக் கோடு வரை நிரப்பாவிட்டால் முடிவு தப்பாக வரும். ஆர்.என்.ஏ.வுக்குப் பச்சை மூடி டியூப் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க அதில் சேர்த்திருக்கும் ஹெபாரின், ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். முறையைத் தடுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த ரத்தம் டியூப் மாறியதால் வீணாகக் கூடாது.

மூன்று வாரத்துக்கு முன் வேறொருவர் போட்ட சிரிஞ்சில் போட்டுக்கொண்டேன். இன்று பார்த்தால் நெகட்டிவ். தப்பித்துவிட்டேனா?
(பெயர் இல்லை, ஓமலூர்)

இன்னும் சொல்ல முடியாது. எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தென்பட பொதுவாக 8 முதல் 11 வாரம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரியும். எனவே இப்போதே ஆர்.என்.ஏ. பார்ப்பது சரி. அது முடியாவிட்டால் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எதிர்ப்புப் பொருள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகாமலேயே போகலாம், அவர்களுக்கு நேராக ஆர்.என்.ஏ. பார்ப்பதே நல்லது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்க, சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மருந்து இருக்கிறது. இந்த முறை அந்த நேரம் கடந்துவிட்டது. அரசு எச்.ஐ.வி. ஆலோசனை, சோதனை மையமான நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தொற்று இல்லை என்றால் அதன் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை.

நாங்கள் ஆளுக்கொரு சிரிஞ்சுதான் வைத்திருக்கிறோம். தண்ணீரும் கரைக்கிற கரண்டியும் மட்டும் பொது. பரவாயில்லையா?
(ஆண், 26, கொண்டலாம்பட்டி)

பரவும். சி வைரஸ் எச்.ஐ.வி.யைவிட வெளியில் நீண்ட நாள் தாங்கும். ஆய்வகச் சோதனைகளில் சிரிஞ்சுக்குள் மிஞ்சிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது. ஊசி தனியாகக் கழலும் சிரிஞ்சுகளில் முனையில் அதிக ரத்தம் தேங்கும் என்பதால் அவை இன்னும் ஆபத்து. ஒருவர் தன் சிரிஞ்சை ஒரு முறை முக்கிய தண்ணீரில் அடுத்தவர் முக்கினால், சொந்தச் சிரிஞ்சு வைத்திருந்தும் பயனில்லை. கரண்டி, வடிகட்டும் பஞ்சு, கையில் கட்டும் கயிறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெந்நீரில் அலசினால் போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் புதுச் சிரிஞ்சு, ஆளுக்குத் தனித் தண்ணீர், தனிக் கரண்டி, தனிப் பஞ்சு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் ஊசி போடுபவர்களுக்கென்றே புதுச் சிரிஞ்சு தருகிறார்கள். பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று 1097 எண்ணில் கேளுங்கள், கட்டணம் இல்லை. மாத்திரை என்பது வாயால் சாப்பிடச் செய்யப்பட்டது. அதில் சேர்த்திருக்கும் மாவுப்பொருள் கரையாமல் நரம்பை அடைக்கும், நுரையீரல் வரை போய்த் தங்கும், சீழ்க்கட்டி வரவைக்கும். போட்ட ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடித் திருப்பிக் கொடுங்கள். குப்பையில் எறிந்தால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.

ஆஸ்பத்திரியில் ஊசிப் பழக்கத்தைச் சொன்னால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.
(ஆத்தூரிலிருந்து ஒருவர்)

நோயாளி சொன்னதை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், 2017, சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்வதையும் முடிவை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. சுத்தமான ஊசி கொடுப்பது போன்ற ஆபத்துக் குறைப்புப் பணிகளுக்கும் அதே சட்டம் பாதுகாப்பு தருகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியது, சிறிதளவு வைத்திருந்தது ஆகியவற்றுக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் மட்டும், தனியாக இருக்கும்போது, உள்ளதைச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. மலையிறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகும். மொத்தம் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்?
(ஆண், 38, நாகலூர்)

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்தாறு தடவையில் முடிக்கலாம். ஒழுங்காக நடக்க நீங்களும் கொஞ்சம் வற்புறுத்த வேண்டும்.

முதல் சோதனை ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே கிடைக்குமா என்று மேலேயே கேட்டுவிடுங்கள். கீழே வரும் முதல் நாளிலேயே எதிர்ப்புப் பொருள், ஆர்.என்.ஏ., மருந்துக்கு முந்தைய மற்ற ரத்தச் சோதனைகள், வயிற்று ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பலரும் பாதியில் நின்றுபோவது முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் நடுவில்தான். "ரிசல்ட் வந்ததும் இன்னொரு நாள் வா" என்றால் அந்த இன்னொரு நாள் வராமலே போகிறது. ஒரே நாளில் எடுத்து வைத்த ரத்தத்திலேயே, முதலாவது ரியாக்டிவ் ஆனால் இரண்டாவதையும் பார்த்துவிடும் முறையைத்தான் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. காலையில் சீக்கிரம் வருவது நல்லது. ஆர்.என்.ஏ. ரத்தத்தை அன்றைக்கே பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும், மாலையில் எடுத்தால் அதற்கு நேரம் இருக்காது. முடிவைப் போனில் சொல்ல முடியுமா என்று கேட்டு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடையாள அட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளும் கையில் இருக்கட்டும்.

மருந்து தொடங்கினால் 28 மாத்திரை ஒரு டப்பா, மாதத்துக்கு ஒரு தடவை வாங்க வர வேண்டும். மூன்று மாதம். மருந்து முடிந்து 12 வாரம் கழித்துக் கடைசி ஆர்.என்.ஏ. அதற்குக் கட்டாயம் வர வேண்டும்.

தனியார் டாக்டர் ஒருவர், "முதலில் ஊசியை விட்டுவிட்டு வா, பிறகு மருந்து தருகிறேன்" என்கிறார். விட முடியவில்லை. அதுவரை என்ன செய்வது?
(ஆண், 29, அஸ்தம்பட்டி)

காத்திருக்கத் தேவையில்லை. ஊசியை விடுவது சி வைரஸ் சிகிச்சைக்கு நிபந்தனை இல்லை. ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் மருந்து எடுத்துக் குணமானால் அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதும் நிற்கும். உலக அளவில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு சி தொற்று இருக்கிறது. அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு இந்த நோயை ஒழிக்கவே முடியாது.

கல்லீரல் இறுகாதவர்களுக்குத் திட்டத்தில் தருவது சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்லாட்டஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். இறுகத் தொடங்கியவர்களுக்கு டக்லாட்டஸ்விருக்குப் பதில் வெல்பட்டஸ்விர் 100 மி.கி. தருவார்கள். முழுதாக முடித்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பழைய இன்டர்ஃபெரான் ஊசியை நினைத்துப் பயப்பட வேண்டாம், அந்தக் காய்ச்சலும் உடம்புவலியும் இதில் இல்லை.

இறுகியிருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவார்கள். உங்கள் எஸ்.ஜி.ஓ.டி. (இதுவும் கல்லீரலுக்கான ரத்த அளவு) 80, அந்த லேபின் உச்ச அளவு 40 என்றால், 80ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்க 200. தட்டணு 1,60,000, அதாவது 160 ஆயிரம் என்றால் 200ஐ 160ஆல் வகுக்க 1.25. இது 2ஐத் தொட்டால் இறுக்கம் இருக்கலாம் என்று மேற்கொண்டு சோதிப்பார்கள். இறுகிப்போனவர்கள் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கல்லீரல் புற்றுநோய் வரக்கூடும்.

மருந்துக்கு முன் ஹெபடைடிஸ் பி பார்த்தே ஆக வேண்டும். சி போகும்போது அடங்கிக் கிடந்த பி கிளம்பிவிடுவதுண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமசெபின், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் மூன்றும் சி மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், நான்காவது இதயத்தை ஆபத்தான அளவுக்கு மெதுவாக்கும். வெல்பட்டஸ்விர் எடுப்பவர்கள் கேஸ் மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது. ஒரு வேளை மறந்தால் அன்றைக்குள் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் ஆகிவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

ஊசியைக் குறைக்க உதவி வேண்டும் என்றால் நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் சிகிச்சை இருக்கிறது. சி மருந்தோடு அதைச் சேர்த்து எடுக்கலாம். அது கிடைக்கும் மையத்தையும் 1097இல் கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அந்த டாக்டரிடம் வாதாட வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு சி இருக்கிறது. மனைவி மாசமாக இருக்கிறாள். ஒரே டம்ளரில் குடிக்கலாமா?
(குகை)

குடிக்கலாம். ஒன்றாகச் சாப்பிடுவது, தொடுவது, குழந்தையைக் கொஞ்சுவது எதிலும் பரவாது. பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். உடலுறவில் பரவும் வாய்ப்பு குறைவு. மனைவிக்கும் ஒரு சோதனை எடுத்துவிடுங்கள். தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தாறு. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் வந்தால் ஆறும் வரை அந்தப் பக்கம் வேண்டாம். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தை ரத்தத்தில் இருக்கும் என்பதால் ஒன்றரை வயதுக்கு முன் அந்தச் சோதனையைச் செய்து பயந்துபோகாதீர்கள்.

போன வருடம் மருந்து முடித்து "குணமாகிவிட்டது" என்றார்கள். இப்போது குடலிறக்க ஆபரேஷனுக்குப் பார்த்ததில் மறுபடி ரியாக்டிவ். மருந்து தோற்றுவிட்டதா?
(ஆண், 44, மேட்டூர்)

அவர்கள் பார்த்தது எதிர்ப்புப் பொருள். அது உங்களுக்கு ஆயுள் முழுக்க ரியாக்டிவ் என்றுதான் காட்டும். மருந்து முடித்து 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டில் "நாட் டிடெக்டட்" (வைரஸ் தென்படவில்லை) என்று இருந்தால் நீங்கள் குணமானவர். அதைக் காட்டுங்கள், ஆபரேஷனைத் தள்ளிவைக்க அது காரணமே இல்லை.

ஒரு முறை குணமானதால் மறுபடி வராமல் இருக்காது. அதற்குப் பிறகு ஊசி போட்டிருந்தால், 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை ஆர்.என்.ஏ. மட்டும் பாருங்கள். மறுபடி வந்திருந்தாலும் மறுபடி மருந்து உண்டு. அந்த "நாட் டிடெக்டட்" ரிப்போர்ட்டை நாலைந்து நகல் எடுத்து, ஒன்றைப் போனில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். லேப் காகிதத்தில் எழுத்து மங்கிவிடும்.